கதவை சாத்தாம தூங்குறவ சொல்றேன்: சபையா, தியானமா, மாதா கோயிலா, டாக்டரா?

எங்க வீட்ல டிசம்பர் மாசத்துலயும் பெட்ரூம் கதவு ஒரு சாண் தொறந்துதான் கெடக்கும். கொடைக்கானல் குளிர் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு கிறுக்குத்தனம்னு புரியும், ஏழு டிகிரி எட்டு டிகிரில வெளிய இருக்க பனி நேரா கட்டிலுக்கு வந்து படுத்துக்கும். எங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல ரெண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்கு குல்லா எல்லாம் மாட்டிகிட்டு படுத்தாரு, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. விஷயம் என்னன்னா 7 வயசுல என்னைய ஒரு ஹாஸ்டல்ல விட்டாங்க, பேரு வேண்டாம், அங்க ராத்திரி படுக்கையில ஒண்ணுக்கு போயிட்டா சாமான் ரூம்ல தள்ளி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுருவாங்க. விடியிற வரைக்கும். மூணு வருஷம் அங்க இருந்தேன். இப்ப எனக்கு 36, மூஞ்சிக்கல்ல ஒரு துணிக்கடையில கணக்கு எழுதுறேன், ரெண்டு புள்ளைங்க இருக்கு, ஆனா தாழ்ப்பாள் சத்தம் கேட்டா இன்னிக்கும் உள்ளங்கை வேர்த்துரும்.

இத இப்ப எழுதுறதுக்கு காரணம் பண்ணைக்காட்டுல இருக்க என் சித்தி பொண்ணு. அவளுக்கும் சின்ன வயசுல இருந்து ஒண்ணு உள்ளயே கெடக்கு, அவ அப்பா, அதாவது எங்க சித்தப்பா, காப்பி எஸ்டேட் கூலி வாங்குன அன்னிக்கு எல்லாம் குடிச்சுட்டு வந்து என்ன பண்ணுவாருன்னு ஊருக்கே தெரியும். போன மாசம் போன் பண்ணி, "அக்கா, உனக்கு எது கேட்டுச்சு? நாத்தனார் அவங்க சபைக்கு வாங்குறா, அம்மா வேளாங்கண்ணிக்கு நேந்துருக்காங்க, இன்னொருத்தவங்க கேரளாவுல போட்டாங்கற ஊர் பேருல நடக்குற தியானத்துக்கு போன்னு சொல்றாங்க, எனக்கு லீவு ஒரு வாரந்தான் கெடைக்கும், நான் எங்கதான் போறது?"ன்னு கேட்டா. மருந்து கேக்குற மாதிரியே கேட்டா. நான் இது எல்லாத்துலயும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தவ, அதனால அவளுக்கு போன்ல சொன்னதையே கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பைபிள்ல மாற்கு 9வது அதிகாரத்துல பேய் புடிச்ச பையன ஒரு அப்பா இயேசுகிட்ட கூட்டிட்டு வருவாரு இல்ல, அந்த பையன் அங்கேயே தரையில விழுந்து நுரை தள்ளிட்டு கெடக்கான், கூட்டம் வேற ஓடி வருது, நம்மாளா இருந்தா உடனே தலைமேல கைய வெச்சிருப்போம். இயேசு அப்பவும் அந்த அப்பாகிட்ட, இது எவ்வளவு காலமா இருக்குன்னு கேக்குறாரு. அவரு, சிறுவயசுல இருந்தேன்னு சொல்றாரு. நான் இந்த எடத்த எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், ஒரு நாள்தான் மண்டையில ஏறுச்சு, எல்லாம் தெரிஞ்சவரே கேட்டுட்டுதான் தொட்டுருக்காரு. அதுல இருந்து எங்க போனாலும் நான் பாக்குறது இது ஒண்ணுதான், இவங்க 'எப்ப இருந்து?'ன்னு கேக்குறாங்களா, கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் உக்காந்து இருக்காங்களா. வல்லமை, அபிஷேகம், எத்தனை பேரு விழுந்தாங்க, இதெல்லாம் நான் கணக்குலயே எடுக்குறது இல்ல இப்ப.

சபையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நான் மொதல்ல போனது அங்கதான். எங்க அம்மா வீடு ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கம், அப்பா வீடு சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை, அண்ணி வந்ததுக்கப்புறம் பெந்தெகொஸ்தே சபை, கொடைக்கானல்ல இது ஒண்ணும் அதிசயம் இல்ல, ஒரே கல்யாண வீட்ல மூணு வகை ஜெபம் நடக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அண்ணி கூட்டிட்டு போனா. ஷீட் கூரை, மழை பெஞ்சா மைக்கே கேக்காது, அன்னிக்கு நல்ல மழை. பாஸ்டர் நெத்தியில எண்ணெய் வெச்சு தலைய அழுத்தி "வெளிய போ, வெளிய போ"ன்னு சத்தம் போட்டாரு, நான் விழுந்துட்டேன், யாரோ ஒரு அக்கா என் கால் மேல துப்பட்டாவ போட்டு மூடுனாங்க. பொய் சொல்லக் கூடாது, எந்திரிச்சப்ப நெஞ்சு பஞ்சு மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நானே கதவ சாத்துனேன், வீட்டுக்காரர் எந்திரிச்சு உக்காந்து பாத்தாரு. பதினோரு ராத்திரி கதவு சாத்தியே இருந்துச்சு. பன்னெண்டாவது நாள் பக்கத்து வீட்ல யாரோ இரும்பு கேட்டுக்கு தாழ் போட்டாங்க, அவ்வளவுதான், எல்லாம் திரும்பி வந்துருச்சு, வந்தது மட்டுமில்ல 'எனக்கு விடுதலையே தங்காது போல'ங்கற பயமும் சேந்து வந்துச்சு.

திரும்ப போனப்பதான் பிரச்சனை. விசுவாசம் கொறைவுன்னாங்க. அப்புறம் மன்னிக்கலன்னாங்க. அப்புறம் தோண்டி தோண்டி எங்க தாத்தா பூம்பாறை குழந்தை வேலப்பருக்கு காவடி எடுத்தவருன்னு கண்டுபுடிச்சு தலைமுறை சாபம்னு சொன்னாங்க. எங்க தாத்தாவ எனக்கு தெரியும், சட்டைப்பையில எப்பவும் எனக்குன்னு ரெண்டு பொரி உருண்டை வெச்சிருந்த மனுஷன், என்னைய ரூம்ல போட்டு பூட்டுனது தாத்தா இல்ல, ஜெபமாலை கழுத்துல போட்டிருந்த ஒரு வார்டன். இத சொன்னேன், யாரும் பதில் சொல்லல. பிறவிக் குருடனப் பாத்து இவன் பாவமா இவனப் பெத்தவங்க பாவமான்னு சீஷர்கள் கேட்டப்ப ரெண்டும் இல்லன்னுதான யோவான் 9ல இயேசு சொன்னாரு, அத அந்த கூட்டத்துல யாருமே எடுக்கல.

ஆனா நான் நன்றி மறந்தவ இல்ல. வீட்டுக்காரர் பைக்ல இருந்து விழுந்து கால் ஒடஞ்சு கெடந்தப்ப ஒன்றரை மாசம் எங்க வீட்டுக்கு அரிசி, பருப்பு கொண்டு வந்து குடுத்தது அந்த சபை ஆளுங்கதான், ஆர்சி பங்குக் கோயில்ல இருந்து ஒரு ஈ காக்கா வரல. அதனால தங்கச்சிகிட்ட நான் சொன்னது, சபைக்கு போ, உறவுக்கு போ, பாட்டுக்கு போ, ஆனா உன் கதைய மேடையில வெச்சு சாட்சி சொல்ல சொன்னா சொல்லாத. யாக்கோபு 5ல கூட வியாதிக்காரன்தான் மூப்பர்கள வரவழைக்கணும்னு இருக்கு, அவன்தான் கூப்புடுறான், அவங்க இவன்கிட்ட வர்றாங்க, எண்ணெய் பூசுறாங்க. கூட்டத்து முன்னால இழுத்து நிறுத்துறது அதுல இல்ல. நடுராத்திரி தூக்கம் வராம ஒரு குரல் மட்டும் வேணும்னா இயேசு அழைக்கிறார் ஜெப கோபுரத்துக்கு போன் பண்றவங்க எங்க தெருவுல நிறைய பேரு, அது 24 மணி நேரமும் இருக்கு, அத ஒரு சுக்கு காப்பி மாதிரி வெச்சுக்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்க வேண்டாம்.

அடுத்தது போட்டா. நம்ம ஆளுங்க இன்னும் போட்டான்னுதான் சொல்றாங்க, 1977ல வின்சென்ஷியன்ங்கற கத்தோலிக்க துறவற சபை சாமியாருங்க போட்டாங்கற ஊர்ல ஆரம்பிச்சதால அந்த பேரு, இப்ப பெரிய தியான மையம் இருக்கறது பக்கத்துல முரிங்கூர்ல, சாலக்குடி தாண்டி, திருச்சூர் மாவட்டம். டிவைன் நகர்னு தியானத்துக்கு வர்றவங்களுக்காகவே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனே இருக்கு. ஞாயித்துக்கிழமை போயி சேந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் அங்கேயே தங்கணும், தமிழ்லயும் தியானம் நடக்கும். நான் அத்தை கூட பழனி ரோடு வழியா இறங்கி பொள்ளாச்சி, பாலக்காடுன்னு மாறி மாறி போனேன், அத்தைக்கு வழி பூரா வாந்தி.

இந்த மாதிரி தியானத்துல உள்மன குணமளிப்புன்னு ஒரு வேளை வரும், கண்ண மூட சொல்லி தாய் வயித்துல இருந்து ஒவ்வொரு வயசா நம்மள கூட்டிட்டு வருவாங்க, அந்தந்த வயசுல பட்ட காயத்த இயேசு தொடட்டும்னு ஜெபிப்பாங்க. 7 வயசு வந்தப்ப நான் கத்தி அழுதுட்டேன். சுத்தி எத்தனையோ பேரு அழுதுகிட்டு இருந்தாங்க, என் பக்கத்துல தூத்துக்குடி பக்கம் ஒரு வயசான மீன்காரம்மா மூக்க சிந்தி சிந்தி அழுதாங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும் அவங்களுக்கு. என் வாழ்க்கையில மொத தடவையா நான் அழுதது யாருக்கும் வித்தியாசமா தெரியல, அது ஒரு பெரிய விஷயம், அத நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா அது கூட்டத்துக்கு நடக்குறது. 6 வயசுல அம்மா செத்தவங்களும், வீட்ல தப்பா தொடப்பட்டவங்களும், பரிட்சையில பெயில் ஆனவங்களும் ஒரே வேகத்துல கண்ண மூடிகிட்டு போகணும், நெறுத்துங்கன்னு கை தூக்க முடியாது. வெள்ளிக்கிழமை முடியும், சனிக்கிழமை நாம மலை ஏறிடுவோம், தொறந்த புண்ண யாரு பாக்குறது? அது அவங்க குத்தம்னு சொல்ல வரல, ஒரு வார தியானம்னா ஒரு வாரந்தான். ஊர்ல யாராவது ஒருத்தங்க உனக்கு கேக்குற ஆளா இருந்தா மட்டும் போ, இல்லைன்னா அந்த ஆளை தேடிட்டு அப்புறம் போ, இதுதான் என் முடிவு.

மாதா கோயில் கதை வேற. சித்தி வேளாங்கண்ணிக்கு நேந்ததுல எனக்கு வருத்தம் இல்ல, ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அங்க எத்தனை லட்சம் ஜனம், அந்த மணல்ல முட்டி போட்டு மாதா குளம் வரைக்கும் போறவங்கள பாத்தா நமக்கே தொண்டை அடைக்கும். ஆனா நேர்ச்சை சித்தியோடது. புள்ளைய காப்பாத்தாம போன ஒரு அம்மா தனக்கு தெரிஞ்ச வழியில பரிகாரம் தேடுறாங்க, அதுக்கு இவ கூட போகலாம், வரலாம், அது இவளுக்கு வைத்தியம் ஆகாது. இத தங்கச்சிகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் போன்ல சத்தமே இல்ல, வெச்சுட்டாளோன்னு நெனச்சேன்.

நம்ம ஊர் சலேத் மாதாவ வெச்சுகிட்டு அவ்வளவு தூரம் போறதும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்புதான். வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 தேர் வரும்போது கூட்டத்துல கடலை கொறிச்சுகிட்டு பாத்ததோட சரி, அந்த மாதா யாருன்னே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 1846ல பிரான்ஸ்ல மலை மேல மாடு மேய்ச்சுகிட்டு இருந்த ரெண்டு புள்ளைங்களுக்கு காட்சி குடுத்தது, மெலானிக்கு 14 வயசு, மாக்சிமினுக்கு 11. அந்த பொண்ணு சின்னதுலயே வேத்து வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவ, அந்த பையனுக்கு கைக்குழந்தையிலயே அம்மா இல்ல, மாத்தாந்தாய்கிட்ட வளந்தவன். அவங்க பாத்தப்ப அந்த அம்மா ஒரு கல்லுல உக்காந்து ரெண்டு கையாலயும் முகத்த மூடி அழுதுகிட்டு இருந்தாங்க. நிமிந்து நிக்கிற மாதா இல்ல, உக்காந்து அழற மாதா. இது தெரிஞ்சதுக்கப்புறம் சில சாயங்காலம் கடை முடிச்சுட்டு மேல ஏறிப் போயி சும்மா உக்காருவேன், எதுவும் கேக்க மாட்டேன். வைத்தியம்னு சொல்ல மாட்டேன், ஒரு துணைன்னு வெச்சுக்கங்க. கீழ எறங்கும்போது வேர்க்கடலை வாங்கிட்டு வருவேன்.

பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியார்கிட்ட நம்ம பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்குறது, அத பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். 14 வயசுல நான் பாவசங்கீர்த்தனத்துல அந்த ரூம் விஷயத்த சொன்னேன், என் பாவமா நெனச்சு சொன்னேன், படுக்கைய நனைச்சது என் பாவம், வார்டன வெறுத்தது என் பாவம். அந்தச் சாமியாரு மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டாரு, அவர் மேல தப்பு சொல்ல முடியாது, வெளிய நாப்பது புள்ளைங்க வரிசையில. ஆனா அந்தப் பெட்டி நாம செஞ்சதுக்கு, நமக்கு செஞ்சதுக்கு இல்ல. அடுத்தவன் பாவத்த தூக்கிட்டு அங்க போயி நிக்கிற புள்ளைங்க எத்தனையோ. அதனால சாமியார்கிட்ட பேசணும்னா பாவசங்கீர்த்தன நேரத்துல போகாத, தனியா டைம் கேட்டு, வெளிச்சமா இருக்க எடத்துல, கதவு தொறந்திருக்க ரூம்ல போயி உக்காந்து பேசுன்னு தங்கச்சிகிட்ட சொன்னேன்.

எனக்கு கொஞ்சமாவது அசைஞ்சது ஒரு சிஸ்டர்கிட்ட. ரிட்டயர் ஆன கன்னியாஸ்திரி, முன்னால நர்சா இருந்தவங்க. நினைவுகள குணமாக்குற ஜெபம்னு சொல்வாங்க, போன நூற்றாண்டு நடுவுல அமெரிக்காவுல ஆக்னஸ் சான்ஃபோர்டுன்னு ஒரு அம்மா, அவங்க சைனாவுல மிஷனரி வீட்ல பொறந்து வளந்தவங்க, அவங்க மூலமா பரவுன முறை, அப்புறம் கத்தோலிக்க அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) கூட்டங்களுக்கும் வந்துருச்சு. மத்த எடத்துல பண்ற அதே ஜெபந்தான், ஆனா சிஸ்டர் மொத ரெண்டு தடவை ஜெபமே பண்ணல. டீ போட்டு குடுத்துட்டு, "எப்ப இருந்துடா இது?"ன்னு கேட்டாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சு பாதியில நிறுத்துனேன், அவங்க சும்மா இருந்தாங்க, கடிகாரம் ஓடுது, வெளிய குரங்கு தகரத்துல ஓடுது, அவங்க எந்திரிக்கல.

மூணாவது தடவைதான் ஜெபம். கண்ண மூடு, அந்த ரூம்ல இயேசு எங்க நிக்கிறாருன்னு பாருன்னாங்க. நான் பாத்தேன், எங்கயும் நிக்கல. அரிசி மூட்டை, ஃபினாயில் வாசனை, கதவுக்கு அடியில ஒரு விரக்கடை வெளிச்சம், அவ்வளவுதான். தெரியல சிஸ்டர்னேன். வேற யாராவதா இருந்தா நல்லா பாரு, இருக்காரு பாருன்னு சொல்லிருப்பாங்க, நானும் பயந்து ஆமா தெரியுதுன்னு சொல்லிருப்பேன், அதான் இந்த முறையில இருக்க பெரிய ஆபத்து, கண்ண மூடி நொந்து போயி இருக்க ஆளுகிட்ட எதச் சொன்னாலும் அது பாத்ததா ஆயிடும், நடக்காததும் நடந்ததா ஞாபகம் வந்து உக்காந்துக்கும். சிஸ்டர் அப்பிடி எதுவும் சொல்லல, "சரி, தெரியலன்னா தெரியல, அந்த வெளிச்சத்தையே பாத்துகிட்டு இரு"ன்னாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அந்த ரூம நெனச்சா மொதல்ல வர்றது இருட்டு இல்ல, அந்த ஒரு கோடு.

அதே சிஸ்டர்தான் டாக்டர்கிட்ட போக சொன்னாங்க. எனக்கு கோவம் வந்துச்சு, அப்ப ஜெபம் பத்தாதா, எனக்கு பைத்தியமான்னு. நான் நர்சா இருந்தவ, காசநோய்க்கு ஜெபமும் பண்ணிருக்கேன் மாத்திரையும் குடுத்துருக்கேன்னு சொல்லிட்டு முடிச்சுட்டாங்க. மதுரையில ஒரு மனநல டாக்டரம்மா. அவங்க கிறிஸ்தவங்க கூட இல்ல. அவங்க கேட்ட மொத கேள்வியும் அதேதான், "எப்போலேர்ந்து?". சிரிப்பு வந்துருச்சு எனக்கு, அவங்க ஏன்னு கேட்டாங்க, மாற்கு 9ன்னா அவங்களுக்கு என்ன தெரியும்.

மாத்திரை உடனே வேல செய்யாது, ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும், மொத வாரத்துல வயித்தப் பெரட்டும், அதப் பாத்து நிறைய பேரு விட்டுர்றாங்க. மாத்திரையோட பேச்சு சிகிச்சையும் உண்டு, பயந்த விஷயத்த கொஞ்சம் கொஞ்சமா, நாம தாங்குற அளவுக்கு மட்டும் தொட்டுத் தொட்டு பேச வைப்பாங்க, இது மாதிரி சின்ன வயசு அதிர்ச்சிக்குன்னே இருக்க முறைங்க. அங்க நான் கை தூக்குனா நிறுத்துவாங்க. கிறிஸ்தவ சூழல்லயே வேணும்னா வேலூர் சிஎம்சியோட மனநல மையம் பாகாயத்துல இருக்கு, அங்க சேத்தா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும், ஆனா நம்ம மலையில இருந்து தூரம், ஒரு வார லீவுக்கு ஆகுற வேல இல்ல. காசு இல்லைன்னா அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு போகலாம், மாவட்ட மனநலத் திட்டம்னு கேட்டா சொல்வாங்க. போன்லயே பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. யாராவது ஜெபம் பண்ணிட்டு இனி மாத்திரைய நிறுத்துன்னு சொன்னா அந்த எடத்துல இருந்து செருப்ப மாட்டிட்டு கெளம்பிரு, திடீர்னு நிறுத்துனா வர்ற தலைசுத்துக்கு அவங்க வந்து நிக்க மாட்டாங்க.

பெருமாள்மலையில ஒரு சேசுசபை சாமியார் 1996ல ஆரம்பிச்ச போதி ஜென்டோன்னு ஒரு ஜென் தியான மையம் இருக்கே, அங்க போனா அமைதி கெடைக்குமேன்னு ஒருத்தர் கேட்டாரு. நல்ல எடந்தான், வெளிநாட்ல இருந்தெல்லாம் வர்றாங்க. ஆனா மணிக்கணக்கா சுவத்த பாத்து மவுனமா உக்காந்தா எனக்கு அந்த சாமான் ரூம்தான் வரும். காயம் ஆறுனவங்களுக்கு அது.

இன்னொண்ணு, இது ஒப்பீட்டுக்குள்ள வராது ஆனா சொல்லாம விட முடியல. நாங்க பேசுறது முடிஞ்சு போன சின்ன வயசு. இப்ப 18 வயசுக்கு கீழ இருக்க ஒரு புள்ளைக்கு இது நடந்துகிட்டு இருக்குன்னா ஜெபக்குறிப்பு எழுதிட்டு சும்மா இருக்கக் கூடாது, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு போன் பண்ணனும், பாலியல் விஷயம்னா 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குத்தம், சாமியாரா இருந்தாலும் பாஸ்டரா இருந்தாலும் சரி.

மன்னிப்பு பத்தி தங்கச்சி கடைசியா கேட்டா. எல்லா எடத்துலயும் மன்னிச்சாத்தான் சுகம்ங்கறாங்களே, நான் அப்பாவ மன்னிக்கணுமா அக்கான்னு. எனக்கு இதுல அனுபவம் மட்டுந்தான் இருக்கு. சபையில மொத நாளே வார்டன மன்னிக்கிறேன்னு சத்தமா சொன்னேன், போட்டாவுல எழுதியும் குடுத்தேன், ரெண்டும் தங்கல, புண்ணு ஆறாம மேல் தோல் மட்டும் மூடுனா உள்ள சீழ்தான் கட்டும். டாக்டரம்மாகிட்ட போயி எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் அரிசி பொடைச்சுகிட்டு இருக்கும்போது அந்த வார்டனும் யாரோ பெத்த புள்ளதானேன்னு தானா வந்துச்சு, அவ்வளவுதான், அழுகை எல்லாம் இல்ல. அதனால அத இப்ப தொடாத, அது வந்தா வரட்டும்னு சொன்னேன்.

அவ முடிவு பண்ணது இது. திங்கக்கெழமை மதுரை டாக்டரம்மா, நானும் கூட போறேன். சிஸ்டர்கிட்ட ரெண்டு சாயங்காலம் பேசியாச்சு, இப்போதைக்கு டீ மட்டும். நாத்தனார் சபைக்கு ஞாயித்துக்கெழமை போவா, சாட்சி சொல்ல மாட்டா. வேளாங்கண்ணிக்கு செப்டம்பர்ல சித்திக்கு துணையா. போட்டா அடுத்த வருஷம் பாக்கலாம்.

நேத்து ராத்திரி எங்க வீட்டுக்கு வந்துட்டா, மேல இருந்து ஒண்ணா கெளம்பலாம்னு. படுக்க போனப்பதான் எனக்கு உறைச்சுது, அவ பயம் வேற மாதிரி, சித்தப்பா ராத்திரி கதவ தள்ளிட்டு வர்றதுதான் அவ பயம். சின்னதுல இருந்து உள்பக்கம் தாழ் போட்டு, ஒரு சேரையும் முட்டு குடுத்துட்டுதான் படுப்பாளாம். ஹால்ல அவ தாழ்ப்பாள் போட்டா, நான் பெட்ரூம்ல காத பொத்திகிட்டு உக்காந்திருந்தேன், போட்டு முடிச்சுட்டேன் அக்கான்னு உள்ள இருந்து கத்துனா. நான் என் கதவ ஒரு சாண் தொறந்து வெச்சேன். எங்க வீட்டுக்காரர் ரெண்டு பக்கமும் ஒரு பார்வை பாத்துட்டு, கம்பளிய தூக்கிகிட்டு அடுப்பு சூடு இருக்குன்னு சமையக்கட்டுல போயி படுத்துட்டாரு.